கக்கூஸ் வரைக்கும் துணை

ஷைனிக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. அவள் பிறந்து வளர்ந்த மாட்டுங்கா லேபர் கேம்பில் யாரிடம் விசாரித்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். போதாக்குறைக்குக் கிடைத்த வேலையும் வாய் வேலை. செம்பூரில் ஒரு அலுவலகத்தில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு இந்தியிலும் மராத்தியிலும் இன்சூரன்ஸ் விற்க வேண்டும். லைனில் மௌனம் விழக் கூடாது, விழுந்தால் ஆள் போனை வைத்துவிடுவான் என்று முதல் நாளே பாடம் எடுத்தார்கள். அவளுக்கு அதெல்லாம் பாடமே இல்லை. திட்டுவதற்கென்று போனை எடுத்தவர்கள்கூட அவளிடம் தங்கள் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

இவ்வளவு பேசுகிறவள் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. கல்யாணமான மறுவருடம் உண்டான பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. ஏன் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டாவது முறை உண்டானபோது, இந்தப் பிள்ளை நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கொரோனாவும் ஊரடங்கும் அப்போதுதானா வந்து தொலைய வேண்டும்!

வீடு தாராவியில். கீழே ஓர் அறை, அதன் மேல் இரும்பு ஏணி வைத்து ஏறுகிற மாளா. பம்பாயில் பாதிக் குடும்பங்களுக்கு மாடி என்பது இந்த மாளாதான். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கணவன் ஆன்றோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவன். கொரோனா வார்டில் போட்டதால் வீட்டுக்கு வராமல் அங்கேயே தங்கிக்கொண்டான். வீட்டில் மிச்சமிருந்தது ஷைனியும் மாமியார் சேசம்மாளும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து தலை நரைத்த பிறகும் ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காதவர் சேசம்மாள். விடாத இன்னொன்று ஜெபமாலை.

ஊரடங்கைக் கண்டுபிடித்தவர்கள் நிச்சயமாக வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் உள்ளவர்கள்தான். வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று தொலைக்காட்சியில் கையைக் கூப்பிக் கேட்டுக்கொண்டவருக்கு, தாராவியில் அந்த அவசரத்துக்கு வெளியேதான் போக வேண்டும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அங்கே தமிழர்களும் அதைச் சண்டாஸ் என்பார்கள். சந்தின் கோடியில் ஒரு பொதுச் சண்டாஸ். அந்தச் சுற்றுவட்டாரப் பெண்கள் அத்தனை பேரும் அதே கதவுகளைத் தள்ளி, அதே தாழ்ப்பாளைத்தான் போட வேண்டும். ஒருநாள் பக்கத்துச் சந்தில் ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையில் வரிசையில் தனக்கு முன்னால் நின்று இருமியவள் அவள்தான் என்பது ஷைனிக்கு அப்புறம்தான் உறைத்தது. அன்றோடு தண்ணீரைக் குறைத்தாள். குடித்தால்தானே போக வேண்டும்?

கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. சேசம்மாள் பார்த்துக் கேட்கும்போது சொல்வதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. அப்போது தவக்காலம். கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள்; ஒரு வேளை சாப்பிட்டு, பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்து, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் கிடையாது. இருந்தாலும் ஷைனி, "நான் தண்ணில ஒருசந்தி இருக்கேன் அத்தை. காலைல ஒரு தம்ளர், ராத்திரி ஒரு தம்ளர்" என்றாள். சேசம்மாள் கொஞ்சம் தயங்கினார், ஆனால் மருமகளின் பக்தியில் உள்ளூர மகிழ்ந்தும் போனார். தவக்காலம் முடிந்து பாஸ்கா திருநாளும் வந்து போயிற்று. ஷைனியின் ஒருசந்தி முடியவில்லை. சேசம்மாளுக்குத் தெரியாமலே பகலில் தண்ணீரைத் தவிர்த்துக்கொண்டிருந்தாள். சாக்காகச் சொன்ன பொய் மெல்ல மெல்ல அவளுக்கே நேர்ச்சை மாதிரி ஆகிவிட்டது. நா வறண்டு ஒட்டும்போதெல்லாம், இது பிள்ளைக்காக என்று நினைத்துக்கொள்வாள். பெற்ற பிறகு பட வேண்டிய பாட்டை முன்கூட்டியே பட்டுக்கொண்டிருந்தாள் அந்த அசட்டுப் பெண்.

அந்த நாட்களில்தான் கோகிலவாணியின் குழு வந்தது. கோகிலவாணி செம்பூரில் இருக்கும் மனநல ஆலோசகர். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் ஊரடங்கில் அவரவர் மூலையில் கிடந்து பயந்து சாகிறார்களே என்று, ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் வியாழக்கிழமை மதியங்களில் போனில் ஒரு கூட்டம் நடத்தினார். முகம் பார்த்துப் பேசலாம், பிடிக்காவிட்டால் சும்மா கேட்கலாம். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்பது ஒன்றே சட்டம். தாராவியிலிருந்து பேராச்சி வந்தாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லியிருந்தார்கள், இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தாள். மாட்டுங்காவிலிருந்து வந்தனா, பாலக்காட்டுக் குடும்பம், வங்கி வேலை. கணவன் கப்பலில் போனவன், எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் கடலில் நின்றுகொண்டிருந்தான். கோவண்டியிலிருந்து ஆஸியா. மற்ற இரண்டொருவர் வருவார்கள், போவார்கள்.

ஷைனி மாளாவில் ஏறி, போனை அரிசி டின் மேல் சாத்திவைத்து உட்கார்ந்தாள் என்றால் கோகிலவாணிக்கு அன்று வேலை மிச்சம். ஆன்றோ பாதுகாப்பு உடையோடு வீடியோ காலில் வந்ததையும், அவனென்று தெரியாமல் "ஆன்றோவைக் கூப்பிடுங்க பாய்" என்று அவனிடமே சொன்னதையும் நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்துப் பேராச்சி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். நடுநடுவே ஒவ்வொருவராக "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய் வருவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளின் கூட்டம் வேறெப்படி நடக்கும்? ஷைனி மட்டும் எழுந்ததே இல்லை. எல்லோரும் பயத்தைச் சொன்னார்கள். ஷைனி எல்லோருடைய பயத்தையும் சிரிக்க வைத்தாள். தன்னுடையதைச் சொல்லவில்லை. இது முதல் பிள்ளை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

ஆஸியா கேமராவைப் போட்டதே கிடையாது. பெயர் எழுதிய கறுப்புக் கட்டம் ஒன்று ஓரத்தில் கிடக்கும், அவ்வளவுதான். தொடக்கத்தில் இரண்டொரு வார்த்தை பேசியவள், பின்னால் அதையும் நிறுத்திவிட்டாள். "ஆஸியா டூட்டில தூங்குது பாரு" என்று ஷைனி கேலி செய்வாள். பதில் வராது. ஆனால் ஒரு வியாழக்கிழமைகூட அந்தக் கட்டம் வராமல் இருந்ததில்லை.

மே மாதக் கடைசியில் ஷைனிக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஏணியில் ஏறினால் கண் இருட்டியது. அடிவயிற்றில் எரிச்சல். எல்லாவற்றையும்விட மோசம், பிள்ளை அசைவது குறைந்ததுபோல இருந்தது. நிஜமாகவே குறைந்திருக்கிறதா, தன் பயமா என்று அவளுக்குப் புரியவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அந்த வியாழக்கிழமை அவள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். ரேஷன் கடை வரிசையில் நடந்த சண்டையை அவள் விவரித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்டுப் பழகாத ஒரு குரல் குறுக்கே வந்தது.

"ஷைனிக்கா, இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சிய?"

ஓரத்துக் கறுப்புக் கட்டம்தான் பேசியது. "அரே! ஆஸியாக்கு வாய் இருக்குடோய்!" என்று ஷைனி கைதட்டினாள்.

ஆஸியா சிரிக்கவில்லை. "எல்லாரும் நடுவுல ஒருவாட்டி எந்திரிச்சுப் போவாங்க. நீங்க மட்டும் ஒருநாளும் போனதில்ல. பேச ஆரம்பிக்கும்போது நல்லா இருக்க உங்க தொண்டை, முடிக்கும்போது கரகரன்னு ஆயிருது. நான் வேற ஒண்ணும் செய்யல, உங்க சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க சண்டாஸ் போகப் பயந்துக்கிட்டு தண்ணி குடிக்காம இருக்கீங்க."

"இது நேர்ச்சை ஆஸியா. எங்கள்ல ஒருசந்தின்னு..." என்று ஆரம்பித்த ஷைனிக்கு அதற்கு மேல் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய லைனில் மௌனம் விழுந்தது.

"நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றாள் ஆஸியா. "எங்க சந்துலயும் ஒரே சண்டாஸ்தான். ரம்ஜான் நோன்புக்கு முன்னாலேயே என் பிள்ளை போயிருச்சுக்கா. உள்ள தண்ணி வத்திப் போச்சுன்னாங்க. நீ குடிக்காததாலதான்னு டாக்டரம்மா சொல்லல. ஆனா நான் குடிக்கல. அது எனக்குத் தெரியுமே."

கோகிலவாணிகூட இதை அறிந்திருக்கவில்லை. பேராச்சி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சொன்னா குரூப்பை விட்டுப் போகச் சொல்லிருவீங்கன்னு சொல்லல. இது மாசமா இருக்கவங்க குரூப்தானே, எனக்கு இங்க என்ன வேலை? ஆனா வியாழக்கிழமை உங்க சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்குது. ஷைனிக்கா, நீங்க என்னைய என்ன வேணா கேலி பண்ணுங்க. தண்ணி குடிச்சிருங்க."

ஷைனி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையை இழந்த ஒரு சின்னப் பெண், பிள்ளைகள் வரப்போகிறவர்களின் சிரிப்பை வாரம் தவறாமல் இருட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். பொறாமைப்பட்டிருக்கலாம். போனை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதைக் கேட்டுக் கேட்டே இன்னொருத்தியின் தொண்டை வறள்வதைக் கண்டுபிடித்திருக்கிறாள். மனுஷிக்கு இப்படியும் ஒரு காது உண்டா என்று ஷைனிக்கு உடம்பு சிலிர்த்தது. "எனக்கும் போச்சு ஆஸியா" என்றாள். "இதே ஆறாம் மாசம். நான் ஒங்க யார்ட்டயும் சொல்லல."

இரும்பு ஏணி கிறீச்சிட்டது. முழங்கால் வலியால் மாளாவுக்கு ஏறுவதையே விட்டிருந்த சேசம்மாள், ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு ஏறி வந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் மேலே பேசினால் கீழே கேட்காமல் இருக்க வழியில்லை. செம்பை நீட்டி, "ஏட்டி, ஆண்டவர் ஒங்கிட்டத் தண்ணியக் கேட்டாரா? சிலுவைல தொங்கும்போதே தாகமா இருக்குன்னவர் அவரு. அவருக்குப் போயி ஒன் தாகத்த ஒப்புக்கொடுக்கியா? குடி, மொதல்ல" என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. ஒருசந்தி என்றதும் தானும் மகிழ்ந்துபோனது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஷைனி குடித்தாள். போனில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, செம்பைக் கவிழ்த்துக் குடித்தாள்.

குடித்தாயிற்று. இனிப் போக வேண்டுமே! ஷைனி அதைத்தான் முதலில் சொன்னாள்: "குடிச்சிருவேன். அந்தச் சந்துல நடக்கதுக்குத்தான் காலு வரமாட்டேங்கு. தாழ்ப்பாளத் தொடவே பயமா இருக்கு."

கோகிலவாணி படித்த படிப்பில் இதற்கு விடை இருந்ததோ என்னவோ, வந்தனா முந்திக்கொண்டாள். "நானும் வரேன்" என்றாள்.

"மாட்டுங்காலேருந்து எப்டி வருவ? போலீஸ் ரோட்டுல நிக்குது."

"போன்லதான். எங்காத்துல ரெண்டு பாத்ரூம் இருக்கு, சொல்லவே வெக்கமா இருக்கு. போய்ட்டு திரும்பி வர்ற வரைக்கும் நான் பேசிண்டே கூட வரேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

"நானும் வாரேன்" என்றாள் பேராச்சி. ஆனால் அன்றைக்கு முதலில் லைனில் வந்து நின்றவள் ஆஸியாதான்.

சேசம்மாள் பழைய தலையணை உறையைக் கிழித்து ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தார். போனை அதில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, மாஸ்க்கை இழுத்துக் கட்டி, சோப்புக் கரைத்த பாட்டிலோடு ஷைனி வெளியே இறங்கினாள். தாராவி அப்படி ஓசையற்றுக் கிடந்ததை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. இருப்புப்பாதைப் பக்கமிருந்து ஒரு ரயில் சத்தம் இல்லை. தோல் பட்டறைகளின் மெஷின் ஒன்றும் ஓடவில்லை. காகங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. அந்த அமைதியின் நடுவே அவள் நெஞ்சில் தொங்கிய பைக்குள் மூன்று வீடுகள் உயிரோடு இருந்தன. மாட்டுங்காவில் குக்கர் விசில் அடித்தது. பேராச்சி வீட்டில் யாரோ யாரையோ இந்தியில் வைதார்கள். கோவண்டியில் பாங்கு சொன்னார்கள். வந்தனா, "கத்திரிக்காய்ல சாம்பார் வைக்கறதா, கூட்டு வைக்கறதான்னு நீங்களே சொல்லுங்கோ" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆஸியாவின் பக்கமிருந்து மூச்சு மட்டும் கேட்டது. ஷைனிக்கு நடப்பது தான் ஒருத்தி என்றே தோன்றவில்லை.

தாழ்ப்பாளுக்குச் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தொடாமல் நின்றாள். "தொட்டுருங்கக்கா, பொறவு கழுவிக்கிடலாம். நாங்க இங்கனதான் நிக்கோம்" என்றது பையிலிருந்து பேராச்சியின் குரல். ஷைனி தொட்டாள். திரும்பி வரும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ராஜாவீட்டுப் பெண்களுக்குக்கூட இத்தனை பேர் துணை வந்திருக்க மாட்டார்கள், அதுவும் கக்கூஸுக்கு!

மறுநாளே சேசம்மாள் அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். பனிக்குடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, ஆனால் பிள்ளை திடமாக இருக்கிறது, இப்போதாவது வந்தீர்களே என்றார் டாக்டர். அதற்குப் பிறகு குழுவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாருக்குப் போக வேண்டுமோ அவள் "கிளம்புதேன்" என்று ஒரு சொல் போடுவாள். கையில் வேலையில்லாத எவளாவது உடனே கூப்பிடுவாள். போவதற்கு முன்னால் எல்லோரும் தண்ணீர்த் தம்ளரைக் காட்டிக் குடிக்க வேண்டும். சண்டாஸ் வரிசையில் நிற்கும் மற்ற பெண்கள், ஷைனியின் பைக்குள்ளிருந்து குரல்கள் வருவதைப் பார்த்து முதலில் மிரண்டார்கள், பிறகு அவர்களே பைக்குப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். கத்திரிக்காய்க்குக் கூட்டுதான் சரி என்று தாராவியின் முழு வரிசையும் சேர்ந்து வந்தனாவுக்குத் தீர்ப்புச் சொன்னது. கோகிலவாணி தன் அறிக்கையில் இதை எப்படி எழுதினாரோ தெரியவில்லை.

மழை கொட்டிய ஒரு ஆகஸ்ட் காலையில் ஷைனிக்கு மகன் பிறந்தான். பிரசவ அறைக்குள் சொந்தக்காரர் யாரையும் விடவில்லை. ஆன்றோ வேறு கட்டடத்தில், வேறு யாருடைய கட்டிலையோ தள்ளிக்கொண்டிருந்தான். பிள்ளை வீறிட்ட சத்தத்தைத் தாதி மனமிரங்கி போனில் பதிவு செய்து தந்தாள். ஷைனி அதைக் குழுவில் போடுவதற்கு முன்னால் ஆஸியாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்குக் கேக்கதுக்குத் தெம்பு இருக்கா? இல்லன்னா நான் போடல" என்றாள். "போடுங்கக்கா" என்றாள் ஆஸியா. "எனக்குத்தான் மொதல்ல போடணும்" என்றும் சொன்னாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்து, ஊர் கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும், ஆஸியா பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினாள். அன்று காலையிலிருந்தே சேசம்மாளுக்கு நிலைகொள்ளவில்லை. பிள்ளையை இழந்த பெண் பச்சைப்பிள்ளையைத் தூக்கினால் ஆகாது என்று அவர் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் ஏக்கம் பிள்ளையைத் தாக்கும் என்பார்கள். "வரட்டும், சாப்பிடட்டும். மடில மட்டும் குடுத்துராத மக்களே" என்றார் தணிந்த குரலில். ஷைனிக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பதில் சொன்னால் வெடித்துவிடும் என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணவன் முகைதீன் ஓட்டிவந்த ஸ்கூட்டரிலிருந்து இறங்கி ஆஸியா வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான பெண். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அவள் முகத்தை ஷைனி பார்ப்பது அதுவே முதல்தடவை. அந்தப் பேச்சு கோவண்டியிலும் உண்டு போலிருக்கிறது. ஆஸியா உள்ளே வரவில்லை. நிலைப்படியோரம் உட்கார்ந்து, கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "இங்கனயிருந்தே பாத்துக்கிடுதேன் மாமி. பிள்ளைக்கு ஆகாம இருக்கும்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் சேசம்மாள் அப்படியே நின்றுவிட்டார். அன்று மதியம் மாளாவிலிருந்து இறங்கி வந்து, அவரை ஏணியில் ஏற வைத்த குரல் அது. ஷைனி எழுந்திருக்கும் முன்பே அவர் மருமகளின் கையிலிருந்து பேரனை வாங்கினார். நேரே போய், சுருட்டி வைத்திருந்த அந்தக் கைகளை விலக்கி, ஆஸியாவின் மடியில் கிடத்தினார். "ஒனக்கு ஆகாம வேற யாருக்கு ஆகும்? நீ தந்த பிள்ளைலா இது" என்றார்.

ஆஸியா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவன் காலை உதைத்தான், அவளை உற்றுப் பார்த்தான், பிறகு எந்தக் கூச்சமும் இல்லாமல் அவள் மடி முழுக்க ஒன்றுக்கு இருந்தான். "ஐயையோ!" என்று சேசம்மாள் துணி எடுக்க ஓடினார். ஷைனி பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். ஆஸியா தரவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"இருக்கட்டும்கா, இருக்கட்டும். நல்லா இருக்கட்டும், ராசா" என்றாள்.

கிளம்பும்போது மாற்றிக்கொள்ளச் சொல்லி ஷைனி தன் சேலை ஒன்றை எடுத்து நீட்டினாள். ஆஸியா அதை வாங்கிக்கொள்ளவில்லை. மடி ஈரத்தோடே ஸ்கூட்டரில் ஏறி கோவண்டிக்குப் போனாள்.